தொழிலாளர் சட்டமும் நாட்டு வளமும்

ஒரு நாடு வளர்ந்திருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? ஏற்றுமதிக் கணக்கைக் கொண்டு அறிவோர் உளர். வானளாவிய கட்டடங்களைக் கொண்டு அறிவோர் உளர். தனிமனித வருவாயைக் கொண்டு அறிவோரும் உளர். வள்ளுவர் 'நாடு' என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, குறையாத விளைச்சலும் தகுதியுடைய மக்களும் தளராத செல்வரும் ஒருங்கே அமைந்ததே நாடு என்று வரையறுக்கிறார். விளைச்சலை முதலிலும் செல்வரை இறுதியிலும் வைத்தவர் இரண்டுக்கும் நடுவில் மக்களை வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. விளைச்சல் செல்வமாக மாறும் வழியில் மனிதன் நிற்கிறான். அவன் கைபடாமல் எந்த விளைச்சலும் செல்வமாவதில்லை. அவ்வழியில் அவனை மிதித்துச் செல்வதா, உடன் அழைத்துச் செல்வதா என்பதைத் தீர்மானிப்பதே தொழிலாளர் சட்டம்.

இச்சட்டம் குறித்து ஆசிய நாடுகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஏழை நாடு முதலில் பொருளீட்டட்டும்; நீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. கூலியை உயர்த்தினால் முதலீடு அண்டை நாட்டுக்குப் போய்விடும். வேலை நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும். ஆட்குறைப்பைத் தடுத்தால் ஆள்சேர்ப்பே நின்றுவிடும் என்பன அக்கட்சியின் வாதங்கள். உழைப்பவனுக்குப் பாதுகாப்புத் தராத வளர்ச்சி வளர்ச்சியே ஆகாது என்பது எதிர்க்கட்சி. முன்னது பொருளாதாரம் போலவும் பின்னது அறம் போலவும் தோன்றுவதால், கணக்கறிந்தோர் முன்னதையும் நல்லுள்ளம் படைத்தோர் பின்னதையும் ஏற்பர் என்னும் எண்ணம் பரவியுள்ளது.

அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராயத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகம்வரை விரிந்து கிடக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கே போதும். செங்கற்சூளை, இருப்புப்பாதை, இரப்பர்த் தோட்டம், துறைமுகம், மின்னணுத் தொழிற்சாலை, கையுறைத் தொழிற்சாலை எனத் தொழில்கள் பலவும், அவ்வத்தொழிலுக்கு ஏற்ற சட்டங்கள் பலவும் ஒரு நூற்றாண்டுக்குள் இந்நிலத்தில் தோன்றியிருக்கின்றன. எந்தச் சட்டம் யாருக்கு என்ன செய்தது என்பதை இங்கே கண்ணாரக் காணலாம்.

கறவை மாட்டுக்கு வைத்த தீனி

மலாயாவுக்குத் தமிழர்கள் சஞ்சிக்கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட காலத்திலும் சட்டம் இருந்தது. ஆனால் அது முதலாளியின் பக்கம் நின்றது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டுத் தண்டிக்கப்பட்டான். 1910இல் சஞ்சிமுறைக்குத் தடை வந்தது. அதற்கு முன்பே, 1907இல், முதலாளிகளிடம் பணம் பெற்றுத் தமிழகத்திலிருந்து ஆள்களை வரவழைக்கும் நிதியொன்றை அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. கங்காணிகள் தத்தம் ஊருக்குச் சென்று உற்றாரையும் ஊராரையும் அழைத்துவந்தனர்.

1922இல் இந்தியா ஒரு குடியேற்றச் சட்டத்தை இயற்றி, தன் மக்கள் கடல் கடந்து செல்லும் நாடுகளில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்று கேட்கத் தொடங்கியது. ஆள்வரவு நின்றுவிடுமோ என்னும் அச்சம் மலாயாவில் எழுந்தது. 1923இல் வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த அச்சத்தின் நிழலில் பிறந்தது. குடியிருப்பு, நல்ல குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றைத் தோட்ட நிருவாகம் தர வேண்டும் என்று அது பணித்தது. தோட்டத்தில் 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் விதித்தது.

இவ்விதியைத் தமிழாசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை கல்விச் சட்டத்தின் கருணையால் பிறந்தவை அல்ல; தொழிலாளர் சட்டத்தின் ஒரு விதியால் பிறந்தவை. பிள்ளை தோட்டத்தில் இருந்தால் தாயும் தந்தையும் தோட்டத்தில் நிலைப்பர் என்பதே அவ்விதியை ஏற்ற முதலாளிகளின் கணக்கு. ஆதலின் பள்ளி இருந்தால் போதும், அது எப்படிப்பட்ட பள்ளி என்பது பொருட்டாகவில்லை. லயத்தின் ஓர் அறையே பல இடங்களில் பள்ளியாயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியரானார். எனினும் அந்த அறைகளுக்குள் நுழைந்த சமுதாயம் முதலாளி எண்ணாத ஒன்றை அங்கே வளர்த்துக்கொண்டது. தோட்டத்தில் கட்டிப்போட வந்த பள்ளி, தோட்டத்தைத் தாண்டிச் செல்லும் வாயிலாகப் பலருக்கு மாறியது. ஒரு சட்டத்தின் பயன் அதை இயற்றியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டா.

ஆனால் அச்சட்டத்தின் இயல்பு என்ன என்பதை 1930களின் உலகப் பொருளாதார மந்தம் வெளிப்படுத்திவிட்டது. இரப்பர் விலை சரிந்தது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி வெட்டப்பட்டது. வேலையிழந்தோரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டனர். பால் வற்றியதும் மாட்டை ஓட்டிவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? ஆள் வேண்டும் என்பதற்காக மட்டும் தரப்படும் பாதுகாப்பு, ஆள் வேண்டாத நாளில் இல்லாமற்போகும்.

இதே காலத்தில் பிரிக்பீல்ட்ஸில் வேறொரு வாழ்க்கை நடந்தது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற அவ்வூர் இருப்புப்பாதை ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அரசாங்கப் பணியின் நிரந்தர ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. குடியிருக்க வீடு இருந்தது. பணி ஓய்வுக்குப் பின் ஓய்வூதியம் இருந்தது. அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று அறிந்த தந்தை, பிள்ளையின் பத்தாண்டுப் படிப்பைத் திட்டமிட முடிந்தது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இந்தியக் குடும்பங்களிலிருந்தும் எழுத்தர்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் அங்கிருந்து தோன்றினர். சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த கிள்ளான் தோட்டத்திலோ, மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையேல் கூலி இல்லை. நாளைய சோறு உறுதியில்லாத வீட்டில் பத்தாண்டுத் திட்டம் எப்படி உருவாகும்? இரு சாராரும் பேசிய மொழி ஒன்று. தலைமுறைகளின் போக்கைப் பிரித்ததில் வேலை நிபந்தனைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அறிவும் திறனும் நாட்டின் மூலதனம் என்றால், அம்மூலதனம் முதலில் சேர்வது வேலையின் உறுதிப்பாட்டில்தான்.

மிதிவண்டி கேட்ட கோரிக்கை

1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் போரில் ஈடுபட்டிருந்தது. இரப்பருக்குத் தேவை மிகுந்திருந்தது. விலைவாசி ஏறியது, தோட்டத் தமிழரின் கூலியோ சீனத் தொழிலாளரின் கூலியைவிடத் தாழ்ந்தே கிடந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அப்போராட்டத்தின் குரலாயினர்.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகள் இன்று படிக்கும்போதும் நெஞ்சைத் தொடுபவை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, நீண்ட வேலை நேரத்தைக் குறைத்தல், நல்ல மருத்துவம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்துதல், சங்கம் அமைக்கவும் கூடிப் பேசவும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையின் முன்னும் தோட்ட அதிகாரிகளின் முன்னும் மிதிவண்டியில் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது. துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாளைய தோட்ட வழக்கம்.

இக்கோரிக்கையை ஏற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு காசும் ஆகியிராது. ஒரு மரத்தின் பாலும் குறைந்திராது. ஒரு கப்பலின் சரக்கும் தாமதமாகியிராது. ஆயினும் அதை எழுத்தில் வடித்துக் கேட்க வேண்டிய நிலை இருந்தது. தொழிலாளர் சட்டத்தை எதிர்ப்போர் எப்போதும் செலவைக் காட்டியே எதிர்ப்பர். ஆனால் செலவே இல்லாதவற்றையும் தொழிலாளி போராடித்தான் பெற வேண்டியிருந்தது என்பதைக் கிள்ளான் காட்டுகிறது. வழக்கின் ஒரு பகுதி பணத்தைப் பற்றியது. மற்றொரு பகுதி, யார் யாருக்கு முன்னால் இறங்கி நிற்க வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டாவதை முதலாவதாக மாற்றிக் கூறுவதே 'முதலில் வளர்ச்சி, பிறகு நீதி' என்னும் வாதத்தின் மறைவான பலவீனம்.

1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் பரவியது. சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். தொழிற்சங்கச் சட்டம் 1940இலேயே இயற்றப்பட்டிருந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். ஏட்டில் இருந்த அச்சட்டம் போர் முடிந்து 1946இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது சங்கங்களின் கூட்டமைப்புகளைச் சட்டத் திருத்தம் முடக்கியது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949 மே மாதத்தில் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் தலைமையில் பேச்சுவார்த்தை வழியில் நடைபோட்டது.

சேமநிதி சொல்லும் உண்மை

பாதுகாப்புச் சட்டங்கள் முதலீட்டை விரட்டும் என்பது உண்மையாயின், 1950களில் மலாயா செய்தது பெருந்தவறாக இருக்க வேண்டும். 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஆளுக்கு ஐந்து விழுக்காடு செலுத்தும் முறை அடுத்த ஆண்டு தொடங்கியது. 1955இல் இயற்றப்பட்ட வேலைச் சட்டம் 1957 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்து, வேலை நேரம், ஓய்வுநாள், மகப்பேற்று விடுப்பு ஆகியவற்றுக்கு வரம்பு கட்டியது. விபத்தும் உடற்குறையும் நேர்ந்தால் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் பிறந்து, அதற்குரிய சொக்சோ நிறுவனம் 1971இல் அமைந்தது.

சேமநிதி தொழிலாளியின் முதுமைக்காகத் தோன்றியது. அதனால் நாடு அடைந்தது என்ன? திரண்ட பணத்தின் பெரும்பகுதி முதற்சில பத்தாண்டுகளில் அரசாங்கக் கடன்பத்திரங்களில் இடப்பட்டது. அப்பணம் அரசாங்கத்தின் வளர்ச்சித் திட்டங்களுக்கு உதவிற்று. வெளிநாட்டாரிடம் கையேந்த வேண்டிய அளவு குறைந்தது. இன்று அந்நிதியின் சொத்து ஓர் இலட்சங்கோடி வெள்ளியைத் தாண்டிவிட்டது. தொழிலாளர் சட்டம் மூலதனத்தைத் துரத்தும் என்பார் முன், தொழிலாளர் சட்டமே மூலதனத்தைப் பெற்றெடுத்த வரலாறு இது. பால்வெட்டுத் தொழிலாளியின் சில வெள்ளியும் அம்மலையில் ஒரு கல்.

எனினும் அக்காலச் சட்டங்கள் அனைத்தும் ஒரே திசையில் செல்லவில்லை. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் சங்கங்களுக்கு அங்கீகாரம் பெறும் வழியைத் தந்தது. அதே சட்டம் புதிய முன்னோடித் தொழில்களில் முதல் ஐந்தாண்டுகளுக்கு, சட்டத்தின் குறைந்த அளவுக்கு மேற்பட்ட சலுகைகளைப் பேசிப் பெறுவதற்கு வரம்பு கட்டியது. 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தபின் சுங்கைவே போன்ற இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் அவற்றை நிறைத்தனர். பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்று வேலைச் சட்டம் கூறியிருந்தும், விலக்குத் தந்து இரவு வேலை அனுமதிக்கப்பட்டது. மின்னணுத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் அனுமதி 1988இல்தான் கிடைத்தது. அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் மட்டும். முதலீடு வந்தது, வேலை பெருகியது, வறுமை குறைந்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் விலை கொடுத்தது யார், அவர்களைக் கேட்டுத்தான் அவ்விலை வைக்கப்பட்டதா என்னும் வினாவும் நேர்மையானதே.

சட்டமே தொழிலாளியைத் தாக்கும் காலமும் உண்டு. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதோர் வேலை பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தமிழர்கள், வாழ்நாளெல்லாம் உழைத்த நாட்டைவிட்டு 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பலேறினர். ஆகவே 'தொழிலாளர் சட்டம்' என்று பெயர் பெற்ற யாவும் தொழிலாளிக்கு அரண் என்று கொள்ளலாகாது.

அண்டை நாடுகளின் பாடம்

முதற்கட்சியினர் சிங்கப்பூரைச் சான்று காட்டுவர். அந்நாடு 1968இல் வேலைச் சட்டத்தை இறுக்கியது, வேலை நேரத்தைக் கூட்டியது, விடுமுறைகளைக் குறைத்தது. முதலீடு குவிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. தொழிலாளிக்கு மத்திய சேமநிதி 1955 முதலே இருந்தது. அரசாங்க வீடு கிடைத்தது. 1972இல் அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒருங்கே அமரும் தேசியச் சம்பள மன்றம் அமைந்தது. 1979இல் அம்மன்றம் கூலியைத் துணிந்து உயர்த்தப் பரிந்துரைத்தது. திறன் வளர்ச்சிக்கென நிதியும் ஏற்பட்டது. மலிவான உழைப்பு மலிவான தொழிலையே வரவழைக்கும் என்பதை அந்நாடு உணர்ந்ததே காரணம்.

இந்தியாவின் பாடம் வேறு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1976இல் செய்த திருத்தம், 300 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசாங்க அனுமதி வேண்டும் என்றது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வெண்ணிக்கையை 100 ஆக்கியது. பெஸ்லி, பர்ஜெஸ் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, தொழிலாளர் சார்பாகச் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் பதிவு பெற்ற ஆலைத்தொழில் பின்தங்கியது என்று கூறிற்று. அவர்கள் சட்டங்களை வகைப்படுத்திய முறை சரியன்று என மறுத்தாரும் உளர். எது எவ்வாறாயினும், இந்தியத் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராதோர். அந்த நீண்ட சட்டத்தின் நிழல் அவர்கள் மேல் விழவேயில்லை. சிறு வயலுக்கு உயர்ந்த வேலியிட்டுப் பெருநிலத்தைத் திறந்துபோடுவது நல்ல காவலாகாது. வேலியே வேண்டா என்பது இதன் பொருளன்று. எல்லார்க்கும் எட்டும் வேலி வேண்டும் என்பதே பொருள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் சட்டத் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது இவ்வழக்கு இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

தென்கொரியாவில் தொழிலாளர் தரச் சட்டம் 1953 முதலே இருந்தது. ஏட்டில் மட்டும் இருந்தது. 1970 நவம்பரில் சோல் நகரத் துணிச்சந்தையில் சோன் தே-இல் என்னும் 22 வயதுத் தையல் தொழிலாளி, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தீக்குளித்தார். 1987இல் நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன, கூலி உயர்ந்தது, 1988இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. அதனால் கொரியா வீழ்ந்துவிடவில்லை. கப்பலும் காரும் மின்னணுக் கருவியும் செய்யும் வல்லரசாக அதற்குப் பின்னரே ஓங்கியது. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டடப் பாதுகாப்பு உடன்பாடுகள் அதன்பின் வந்தன. ஆடை ஏற்றுமதி குறைந்ததா? இல்லை, பெருகியது.

தோட்டம் நகரமானபோது

கிள்ளான் பள்ளத்தாக்கு இன்று நாட்டின் செல்வம் குவிந்த நிலம். பங்சார் ஒருகாலத்தில் இரப்பர்த் தோட்டம். சுபாங் ஜெயா சீபீல்ட் தோட்டம். ஷா ஆலாமும் தோட்டமாக இருந்ததே. நிலத்தின் விலை ஏக்கர்க் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு உயர்ந்தது. அந்நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவன் என்ன பெற்றான்? 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 600 நாள் சம்பளம், அதாவது ஏறத்தாழ இருபது மாதச் சம்பளம். ஆலைத் தொழிலாளி வேலையை இழந்தால் வேலையை மட்டும் இழக்கிறான். தோட்டத் தொழிலாளியோ ஒரே நாளில் வேலை, வீடு, கோயில், பிள்ளையின் பள்ளி, அண்டை அயல் அனைத்தையும் இழந்தான். சட்டம் முதலாவதற்கு மட்டும் விலை வைத்தது.

இதை முன்னுணர்ந்தோர் இல்லாமல் இல்லை. தோட்டத் துண்டாடல் பரவிய காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பங்குப்பணம் தோட்டங்களை வாங்கியது. கூலியாக வந்தவர் உடைமையாளராகலாம் என்பதை அச்சங்கம் மெய்ப்பித்தது. சட்டம் எட்டாத இடத்தில் கூட்டுறவு எட்டியது. எனினும் பத்து வெள்ளியால் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிட இயலவில்லை.

விடுதலை பெற்ற 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் குறைந்தமைக்குத் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மறைந்ததும் முதன்மைக் காரணங்களுள் சேரும். தொழிலாளர் சட்டம் பெற்ற பிள்ளை, அச்சட்டம் பாராமுகமானபோது நலிந்தது.

கங்காணியும் முகவரும்

இன்று தோட்டத்திலும் ஆலையிலும் உழைப்போருள் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் மிகுதி. அன்று கங்காணியிடம் முன்பணம் வாங்கி வந்தவன் கடனோடு தொடங்கினான். இன்று முகவருக்குக் கட்டணம் கொடுக்க நிலத்தை அடகு வைத்தவனும் கடனோடுதான் தொடங்குகிறான். கடன்பட்டவன் எதிர்த்துப் பேசான். எதிர்த்துப் பேசாதவனின் கூலி உயராது. கூலி உயராத தொழிலில் இயந்திரமும் திறனும் நுழையமாட்டா. மலேசியப் பொருளாதாரம் திறன் குறைந்த அயல்நாட்டு உழைப்பை மிகுதியாகச் சார்ந்திருப்பது வளர்ச்சிக்குத் தடை என்று 2010இல் அரசாங்கம் வெளியிட்ட புதிய பொருளாதார மாதிரியே எச்சரித்தது. ஒருவனை மலிவாக வைத்திருக்கும் சட்டம் அவன் அருகே நிற்கும் உள்நாட்டானையும் மலிவாக்கிவிடும்.

கிள்ளானிலேயே இதற்குப் பெருஞ்சான்று கிடைத்தது. உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தி நிறுவனமான டாப் குளோவின் பொருள்களுக்கு, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உள்ளன எனக் கூறி 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் மேரு பகுதித் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் தொற்று ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. ஆலைகள் பல மூடப்பட்டன. நெருக்கமான குடியிருப்பு ஏற்றுமதியையே நிறுத்தியது. நிறுவனம் தொழிலாளர் செலுத்திய ஆள்சேர்ப்புக் கட்டணத்தைப் பத்துக் கோடி வெள்ளிக்கும் மேலாகத் திருப்பித் தந்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. மிச்சம் பிடித்ததாக எண்ணிய செலவு பன்மடங்காகத் திரும்பிவந்தது. அறம் மறந்த கணக்கு கணக்காகவும் தவறிவிட்டது.

சட்டமும் சற்றே நகர்ந்துள்ளது. 2013 ஜனவரியில் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியை அடைந்தது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 48 மணி நேர வேலை 45 ஆகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கட்டாய உழைப்பு வேலைச் சட்டத்தில் குற்றமாக இடம்பெற்றது. ஒவ்வொரு முறையும் தொழில்கள் மூடப்படும் என்னும் குரல் எழுந்தது. வெட்டப்பட்ட 50 காசிலிருந்து இங்கு வந்துசேர எத்தனை தலைமுறை ஆயிற்று என்னும் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

ஆசிரியரின் கடமை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. தொழிலாளர் சட்டம் வளர்ச்சியைக் கூட்டுமா குறைக்குமா என்று பொதுப்படக் கேட்பது பயன் தராது. எந்த வளர்ச்சியை, யாருடைய செலவில் என்று கேட்க வேண்டும். ஒரு சட்டம் நல்லதா என்று அறிய மூன்று வினாக்கள் போதும். அச்சட்டத்தின்கீழ் தொழிலாளி அஞ்சாமல் பேச முடிகிறதா? அவன் பிள்ளை அவனைவிட உயர முடிகிறதா? அவன் தேவையில்லாத நாளில் அவன் கையில் என்ன இருக்கிறது? 1923ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் வினாவுக்கு அரைகுறையாக விடையளித்து, மற்ற இரண்டிலும் தோற்றது. சேமநிதி மூன்றாம் வினாவுக்கு விடையளித்தது. அதனால் நாடும் செழித்தது. முதல் வினாவுக்கு விடையளிக்க 1941இல் கிள்ளானில் ஐவர் உயிர் தந்தனர்.

சென்னையில் 1918இல் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவருள் திரு.வி.க. ஒருவர். அவர் வெஸ்லி கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர். தமிழ் கற்பிப்பதும் உழைப்பவனின் உரிமையைக் கற்பிப்பதும் வேறுவேறு பணிகள் என்று அவர் கருதவில்லை. இன்று தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் நாளை ஆலையில் உழைப்பர். சிலர் ஆலையை நடத்துவர். சிலர் சட்டம் இயற்றும் அவையிலும் அமர்வர். தம் சம்பளச் சீட்டில் சேமநிதி பிடிக்கப்படுவதன் பொருளையும், தம் பள்ளி எழுந்த வரலாற்றையும், அயல்நாட்டான் ஒருவன் தம் பாட்டனின் இடத்தில் இன்று நிற்பதையும் அவர்கள் அறிந்து வளர வேண்டும். மிதிவண்டியிலிருந்து இறக்கப்பட்டவரின் பேரன், நாளை பிறிதொருவனை இறங்கச் சொல்லும் நிலையில் அமரக்கூடும். அன்று அவன் என்ன செய்வான் என்பதை எந்தச் சட்டமும் முழுதாகத் தீர்மானித்துவிட முடியாது. அவனுக்குக் கற்பித்த ஆசிரியருக்கும் அதில் பங்கு உண்டு.